பதில்: 7-ஆவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், ஐடிலில் ஆயில் பிரஷர் குறைகிறது

மூன்றாவது முறையாக ஸ்பார்க் பிளக் வாங்காதீர்கள். பிளக், காயில் இரண்டையும் மாற்றிய பிறகும் பி0307 (7-ஆவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, அதாவது மிஸ்ஃபயர் என்று சொல்லும் கோளாறு குறியீடு) திரும்ப வருகிறது, சூடான எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் பிரஷர் முள்ளும் இறங்குகிறது என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது லிஃப்டர் மேல்தான். கேம்ஷாஃப்ட் என்ற சுழல் தண்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம் அது.

உங்களுடையது ஏஎஃப்எம் (எரிபொருளைச் சேமிக்கச் சில சிலிண்டர்களை நிறுத்தும் ஜிஎம் நிறுவன அமைப்பு) வசதி உள்ள 5.3 லிட்டர் வி8. அதில் சுமை குறையும்போது 1, 4, 6, 7 ஆகிய சிலிண்டர்கள் நின்றுவிடும். லிஃப்டருக்கு ஆயில் அழுத்தம் கொடுத்துத்தான் நிறுத்துகிறது, அந்த அழுத்தத்தை விலக்கித்தான் திரும்ப ஓடவைக்கிறது. லிஃப்டர் சிக்கிக்கொண்டால் வால்வு சரியாகத் திறக்காது. பிளக் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை.

முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். 7-இல் மட்டும் மிகவும் குறைவாக இருந்து, ராக்கர் கவரைக் கழற்றிப் பார்க்கும்போது ஒரு ராக்கர் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) மற்றவற்றைப் போல அசையவில்லை என்றால் லிஃப்டர்தான். கேம்ஷாஃப்ட்டையும் பார்க்காமல் மூடிவிட வேண்டாம்.

அப்புறம், டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். சென்சாருக்குக் கீழே ஒரு சின்ன வலை இருக்கிறது. அது அடைத்தாலும் பிரஷர் குறைவாகத்தான் காட்டும். சென்சார் இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி, எஞ்சின் சூடானபின் அளந்து பாருங்கள். 1000 ஆர்பிஎம்மில் குறைந்தது 6, 2000-இல் 18, 4000-இல் 24 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வேண்டும்.

கேஜிலும் குறைவாகவே வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பம்புக்கு ஆயிலை உறிஞ்சித் தரும் பிக்கப் குழாயின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஆயில் பம்ப் இரண்டையும் பார்த்த பிறகுதான் புது லிஃப்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் போய்விடும்.