சின்ன ரிவால்வரும் சிவப்புப் புள்ளியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் மகள் தற்காப்புக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் சின்ன ரிவால்வர் ஒன்று வாங்கியிருக்கிறாள். கைப்பிடியிலேயே லேசர் வைத்துத் தருகிறோம், புள்ளி விழுந்த இடத்தில் குண்டு விழும், பயிற்சிகூடத் தேவையில்லை என்று கடையில் சொன்னார்களாம். வாங்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, அண்ணா நகர்

பதில்: வாங்கலாம் அம்மா. ஆனால் பயிற்சி தேவையில்லை என்ற பேச்சை மட்டும் உங்கள் மகள் நம்பவே கூடாது.

அந்த வகையை ஜே-ஃபிரேம் என்பார்கள், 1950 முதல் வருகிறது. 5 தோட்டா, பேரல் (குழல்) 2 அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு, லேசான மாடல்கள் 425 கிராம்தான் இருக்கும், ஆனால் சுத்தியலைப் பின்னால் இழுக்காமல் நேராகச் சுட வேண்டுமென்றால் டிரிகருக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ அழுத்தம் கொடுக்க வேண்டும், அதாவது துப்பாக்கியின் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். விரல் அழுத்தும்போதே துப்பாக்கி சாய்ந்துவிடும். அதோடு குறிபார்ப்பதற்காகப் பேரலின் மேலே இருக்கும் முன் குறிக்கும் (குறிமுள்) பின் குறிக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் அளவுதான் இடைவெளி. அதில் 1 மில்லிமீட்டர் பிசகினால் 7 மீட்டர் தூரத்தில் 7 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். சின்ன ரிவால்வர் சுலபம் என்று நினைத்துத்தான் பலர் முதல் துப்பாக்கியாக அதை வாங்குகிறார்கள், உண்மையில் நன்றாகச் சுடுவதற்கு அதைவிடக் கடினமான கைத்துப்பாக்கி குறைவு.

லேசர் இங்கேதான் உதவுகிறது. குறிமுள்ளைத் தேடாமல் எதிரில் இருப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம், இருட்டில் குறிமுள் தெரியாதபோதும் புள்ளி தெரியும், கீழே விழுந்து கிடக்கும் நிலையில் கையைக் கண்ணுக்கு நேரே தூக்க முடியாவிட்டாலும் பேரல் எங்கே பார்க்கிறது என்று தெரியும். 1994-ல் தொடங்கிய கிரிம்சன் டிரேஸ் கம்பெனியின் கைப்பிடிகளில் நடுவிரலுக்குக் கீழே ஒரு அழுத்து சுவிட்ச் இருக்கும், இறுக்கிப் பிடித்தாலே லேசர் எரியும். இதுதான் சரியான அமைப்பு என்பது என் கருத்து. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனே 2010-ல் கொண்டுவந்த பாடிகார்ட் 38 மாடலில் லேசருக்குத் தனியாக ஒரு பட்டனை அழுத்த வேண்டும், உயிர் பயத்தில் இருப்பவருக்கு அது ஞாபகம் வரும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. கிரிம்சன் டிரேஸ் கைப்பிடிகளில் லேசர் வலது பக்கம் மேலே இருக்கும். ஆள்காட்டி விரலை டிரிகருக்கு வெளியே நீட்டி வைத்திருக்கும்போது (அப்படித்தான் வைக்க வேண்டும்) அந்த விரலே ஒளியை மறைத்துவிடும். லேசர் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், விரல் டிரிகருக்கு வந்ததும் புள்ளி தெரியும். அதைப் பார்ப்பதற்காக முன்கூட்டியே விரலை டிரிகரில் வைக்கிற பழக்கம் மட்டும் வந்துவிடவே கூடாது. பேரலுக்குப் பக்கத்தில் லேசர் இருப்பதால் குண்டு விலகுமே என்றும் சிலர் கேட்பார்கள். புள்ளியும் குண்டும் 15 மீட்டரில் ஒன்றுசேரும்படி சரிசெய்திருந்தால் 3 மீட்டரில் 2 சென்டிமீட்டர்தான் வித்தியாசம், வீட்டுக்குள் அதை மறந்துவிடலாம்.

ஆனால் லேசரின் பெரிய பயன் சுடும்போது இல்லை, சுடாதபோது. தோட்டாக்களை எல்லாம் எடுத்து, எண்ணி, வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, சிலிண்டர் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்துக் கெட்டிச் சுவரில் புள்ளியை வைத்து மெதுவாக டிரிகரை அழுத்தச் சொல்லுங்கள். புள்ளி துள்ளும். எந்தப் பக்கம் துள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் அவள் குண்டும் போகும். துள்ளல் அடங்கும்வரை தினமும் கொஞ்ச நேரம் செய்யட்டும். அப்புறம் லேசரை அணைத்துவிட்டு, குறிமுள்ளை மட்டும் பார்த்துச் சுடவும் பழகட்டும். பேட்டரி என்றைக்காவது தீரும், கைப்பையின் தூசி லென்ஸை மூடும்.

கேள்வி: என்னிடம் லைசென்ஸ் உள்ள .32 ரிவால்வர் இருக்கிறது, கான்பூரில் செய்தது. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் லேசர் கைப்பிடி வாங்கி வருவதாகச் சொல்கிறார். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொள்ளலாமா?
- நகைக்கடைக்காரர், சௌகார்பேட்டை

பதில்: வேண்டாம் சார். அந்தக் கைப்பிடிகள் அங்குள்ள மாடல்களின் அளவுக்குச் செய்யப்படுபவை. உங்களுடையது பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வழியில் வந்த, நடுவில் மடங்கித் திறக்கும் ரிவால்வர், கைப்பிடியின் வடிவமே வேறு. 2014-ல் வந்த நிர்பீக் ரிவால்வரும் அதே குடும்பம்தான். பொருந்தாததைப் பொருத்துவதற்காக ஒர்க்‌ஷாப்பில் துளை போடுவது, பற்றவைப்பது எதுவும் கூடவே கூடாது. லைசென்ஸ் உள்ள ஆயுதத்தில் கைவைப்பது ஆயுதச் சட்டம் 1959-க்குள் வருகிற விஷயம், எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். லேசருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தைச் சுடும் பயிற்சி ரேஞ்சில் செலவழியுங்கள். பகல் வெளிச்சம் அடிக்கிற கடை வாசலில் சிவப்புப் புள்ளி சில மீட்டருக்கு அப்பால் கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: வேளச்சேரியில் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறேன். நெஞ்சில் லேசர் புள்ளி விழுந்தாலே திருடன் ஓடிவிடுவான் என்கிறார்கள். அதற்காகவாவது லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாமா?
- ஐ.டி. ஊழியர்

பதில்: அதற்காக வேண்டாம். உங்கள்மீது பாய்ந்து வருபவன் உங்களைப் பார்ப்பான், தன் சட்டையைக் குனிந்து பார்க்கமாட்டான். ஓடிவிடுவான் என்ற நம்பிக்கையில் துப்பாக்கியை நீட்டுவது மிக ஆபத்தான திட்டம், ஏனென்றால் அவன் ஓடாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பது அந்தத் திட்டத்தில் இல்லை.

இரவில் சத்தம் கேட்டால் முதலில் தெரிய வேண்டியது அது யார் என்பது. லேசர் அதைச் சொல்லாது, பேரல் எங்கே பார்க்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். பால்கனி வழியாக வந்தவன் திருடனா, சாவியைத் தொலைத்துவிட்டு வந்த உங்கள் தம்பியா என்று டார்ச் வெளிச்சம்தான் சொல்லும். நல்ல டார்ச், வாசலிலும் பின்பக்கமும் சென்சார் விளக்கு, உள்ளே இரட்டைத் தாழ்ப்பாள், 112. உங்கள் நிலைமையில் நான் செய்வது இவைதான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பாலியல் வன்முறைக்கோ நியாயமான அச்சம் இருந்தால் தாக்குபவரின் உயிர் போகும் அளவுக்கும் உரிமை நீள்கிறது, அது 38-வது பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை என்று 37 சொல்கிறது. வாய்த்தகராறில் ஒருவரை மிரட்டப் புள்ளியைக் காட்டினால் அது 351-ன்படி குற்ற மிரட்டலாகிவிடும். இவ்வளவும் தெரிந்து, ஆயுத விதிகள் 2016 கேட்கும் பயிற்சியையும் முடித்து, உண்மையான அச்சுறுத்தலும் இருந்தால் விண்ணப்பியுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி: சிவப்பா, பச்சையா, எது நல்லது?
- கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: பகலில் பச்சை. பச்சை லேசரின் அலைநீளம் பெரும்பாலும் 515 முதல் 532 நானோமீட்டர் வரை, நம் கண் பகலில் 555-ஐ ஒட்டிய நிறத்தைத்தான் அதிகம் உணர்கிறது, அதனால் அதே சக்தியில் பச்சை பளிச்சென்று தெரியும். பேட்டரி சீக்கிரம் தீரும், விலையும் கூடுதல். வீட்டுக்குள் மங்கலான வெளிச்சத்தில் சிவப்பே போதும். எந்த நிறமானாலும் இவை 5 மில்லிவாட் வரை போகும், அருகிலிருந்து கண்ணில் பட்டால் விழித்திரைக்குக் கேடு. துப்பாக்கியில் இல்லாத வெறும் லேசர் பாயின்டராக இருந்தாலும் யார் முகத்திலும், கண்ணாடியிலும் அடிக்க வேண்டாம். தாம்பரத்தில் இருக்கிறீர்கள், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் பக்கமே திருப்ப வேண்டாம், தரையிறங்கும் நேரத்தில் விமானியின் கண் கூசினால் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் உயிரும் ஆபத்தில்.