கொரிய உயிரொலிகளும் நம் குற்றியலுகரமும்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். படிவம் நான்கில் பயிலும் என் மகள், கைப்பேசி வழியாகத் தானாகவே கொரிய மொழி கற்று வருகிறாள். எங்கள் தோட்டத்துப் பக்கம் அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. உயிரெழுத்துகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதில் இரண்டு ஒலிகள் அவளுக்குப் பிடிபடவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் மட்டுமே படித்த நான் அவளுக்கு உதவ முடியுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தாராளமாக முடியும், அம்மா. முதலில் அந்த ஆங்கில எழுத்துகளை ஒதுக்கிவைக்கச் சொல்லுங்கள். ஒரே ஒலியை இரண்டு ஆங்கில உயிரெழுத்துகளால் குறிப்பதால், படிப்பவர்கள் அதை ‘இயோ’ என்றும் ‘இயு’ என்றும் பிரித்துப் படித்துவிடுகிறார்கள்; உங்கள் மகளின் தடுமாற்றத்திற்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும்.

கொரிய மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் மக்களுக்கு அறிவித்த கொரிய எழுத்தில், படுக்கைக் கோடு நிலத்தையும் நெடுக்குக் கோடு மனிதனையும், இன்று சிறு கோடாகிவிட்ட அன்றைய புள்ளி வானத்தையும் குறித்தன. நெடுக்குக் கோட்டின் வலப்புறம் சிறு கோடு இட்டால் ‘ஆ’; படுக்கைக் கோட்டின் மேலே இட்டால் ‘ஓ’, கீழே இட்டால் ‘ஊ’; வெறும் நெடுக்குக் கோடு ‘ஈ’. சிறு கோட்டை இரட்டித்தால் யகரம் சேர்ந்து யா, யோ, யூ என்றாகும். நம்மைப்போல் குறில், நெடில் என்று எழுத்தில் பிரிப்பதில்லை என்பதால் எதையும் இழுத்துச் சொல்ல வேண்டாம்.

மீதமிருப்பவையே அந்தக் கடினமான இரண்டும். வெறும் படுக்கைக் கோட்டின் ஒலி தமிழர் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அது நம் குற்றியலுகரத்தின் ஒலிதான். மகளைக் கண்ணாடி முன் நிறுத்தி ‘முத்து’ என்று இயல்பாகச் சொல்லச் செய்யுங்கள். ‘மு’வில் உதடு குவியும், ‘து’வில் குவியாது. அந்தக் குவியாத உகரத்தை மட்டும் தகரமின்றிச் சற்று நிறுத்திச் சொன்னால் போதும். நெடுக்குக் கோட்டின் இடப்புறம் சிறு கோடு வருவது மற்றொன்று. ‘ஒன்று’ என்பதன் ஒகரத்தைத் தொடங்கி, உதட்டைக் குவிக்காமல் தாடையைச் சிறிது தாழ்த்தினால் அது கிட்டும். நம் பிள்ளைகள் மலாய் ‘எமாஸ்’ என்பதன் முதல் ஒலியை இங்கே போட்டுவிடுவார்கள்; நாக்கு அதைவிடப் பின்னே, கீழே இருக்க வேண்டும்.

இரண்டையும் ஒருசேரப் பழக, பேருந்தைக் குறிக்கும் கொரியச் சொல் நல்லது. ஆங்கில ‘பஸ்’தான் அது; முதல் அசையில் இந்த ஒகரச் சாயல், இறுதியில் குற்றியலுகரம். நாம் பேச்சில் ‘பஸ்ஸு’ என்று முடிப்பதைப் போலவே அவர்களும் முடிக்கிறார்கள்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொரியத்தில் உயிரெழுத்து தனித்து நில்லாது. முன்னே மெய் இல்லாவிட்டால் ஒலியற்ற ஒரு வட்டத்தை இட வேண்டும். நெடுக்குக் கோட்டுக்கு அது இடப்பக்கம், படுக்கைக் கோட்டுக்கு மேலே. அதே வட்டம் அசையின் அடியில் வந்தால் ‘ங்’ என்று ஒலிக்கும். குழந்தையைக் குறிக்கும் ‘ஆஇ’, வெள்ளரிக்காயைக் குறிக்கும் ‘ஓஇ’, பாலைக் குறிக்கும் ‘ஊயூ’ ஆகிய மூன்றும் உயிரொலிகளால் மட்டுமே ஆனவை என்பதால், அவற்றை முதலில் எழுதிப் படிக்கட்டும்.