லாராவெல் கண்ட்ரோலர்: கேட்டவையும் என் பதில்களும்

லாராவெல் என்பது பிஹெச்பி மொழியில் வெப்சைட் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க். எந்த முகவரிக்கு எந்தக் கோட் ஓட வேண்டும் என்று சொல்லும் வரி ரூட். வந்த ரிக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் அனுப்பும் கிளாஸ் கண்ட்ரோலர்.

கேள்வி: அக்கா, ரூட் ஃபைலிலேயே ஃபங்ஷன் எழுதினால் வேலை நடக்கிறதே, கண்ட்ரோலர் எதற்கு?

பதில்: நாலு ரூட் இருக்கும்வரை நடக்கும், தம்பி. நாற்பது ஆனதும் எது எங்கே என்று தேடியே பொழுது போய்விடும். ஆர்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் ஆர்டர் கண்ட்ரோலரில் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. 2011-இல் வந்த லாராவெல் முதல் பதிப்பில் கண்ட்ரோலரே கிடையாது. அடுத்த பதிப்பில்தான் சேர்த்தார்கள்.

கேள்வி: புது ஆர்டரைச் சேமிக்கும் என் ஸ்டோர் மெத்தட் மட்டும் 300 வரி. எங்கே பிரிப்பது?

பதில்: வரியை எண்ணாதீர்கள், வேலையைப் பாருங்கள். வந்த டேட்டா சரியா என்று பார்ப்பது ஃபார்ம் ரிக்வெஸ்ட் கிளாஸின் வேலை. ஸ்டாக் குறைப்பது, தள்ளுபடி கணக்கிடுவது எல்லாம் தனி சர்வீஸ் கிளாஸுக்குப் போகட்டும். மெயிலை க்யூவில் (பின்னணியில் பிறகு செய்யும் வேலைகளின் வரிசையில்) போடுங்கள். மெயில் சர்வர் மெதுவாக இருந்தால் வாடிக்கையாளர் ஏன் காத்திருக்க வேண்டும்? நான் எப்போதும் கேட்டுப்பார்க்கும் கேள்வி ஒன்று உண்டு: நாளைக்கே எக்செல் ஃபைலிலிருந்து ஆர்டர்களை ஏற்றச் சொன்னால், இதே கோட்-ஐ அப்படியே கூப்பிட முடியுமா? முடியாது என்றால் கண்ட்ரோலருக்குள் இருக்கக்கூடாதது ஏதோ இருக்கிறது. பிரித்த பிறகு பத்து வரிதான் மிஞ்சும்: வாங்குவது, ஒப்படைப்பது, பதில் அனுப்புவது.

கேள்வி: ஃபார்ம் ரிக்வெஸ்ட் போட்டதும் எல்லாருக்கும் 403 (அனுமதி இல்லை) வருகிறது.

பதில்: லாராவெலின் கமாண்ட் கருவியான ஆர்ட்டிசன் உருவாக்கித் தரும் ஃபைலில் ஆத்தரைஸ் மெத்தட் ஃபால்ஸ் என்றுதான் இருக்கும். வெறுமனே ட்ரூ என்று மாற்றிவிட்டுப் போகாதீர்கள். இவர் இதைச் செய்யலாமா என்று அங்கேயே பாருங்கள்.

கேள்வி: ரிக்வெஸ்ட்டில் வருவதை மொத்தமாக எடுத்து அப்டேட்டுக்குக் கொடுப்பது தப்பா மேடம்?

பதில்: தப்புதான். நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் ப்ரொஃபைல் ஃபார்மில் இரண்டே பெட்டி: பெயர், ஃபோன் நம்பர். யூசர் டேபிளிலோ 'அட்மினா' என்று ஒரு நெடுவரிசை இருந்தது. டெஸ்டிங் செய்த பெண் பிரவுசரிலேயே ஃபார்மைத் திருத்தி, அந்தப் பெயரில் மூன்றாவது பெட்டி ஒன்றைச் சேர்த்து 1 என்று அனுப்பினார். அடுத்த நொடியே அவர் அட்மின். மாடலில் (அந்த டேபிளைக் கையாளும் கிளாஸில்) கார்டடு பட்டியலை, அதாவது மொத்தமாக மாற்றவிடக்கூடாத நெடுவரிசைகளின் பட்டியலை, காலியாக விட்டிருந்தோம். கண்ட்ரோலரும் எதையும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து, விதிகளில் தேறிய டேட்டாவை மட்டும் கொடுக்கும் வேலிடேட்டட் மெத்தட் தருவதைத் தவிர வேறெதையும் நான் மாடலுக்குக் கொடுப்பதில்லை.

கேள்வி: ஆர்டர்ஸ் ஸ்லாஷ் எக்ஸ்போர்ட் என்று ரூட் எழுதியும் 404 (பக்கம் இல்லை) வருகிறது.

பதில்: அதற்கு மேலே ரிசோர்ஸ் ரூட் (பட்டியல், சேர்ப்பது, காட்டுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி) இருக்கிறதா? அப்படியானால் 'எக்ஸ்போர்ட்' என்பதை ஆர்டர் ஐடி என்று நினைத்துத் தேடுகிறது. உங்கள் வரியை அதற்கு மேலே ஏற்றுங்கள்.

கேள்வி: மொபைல் ஆப்பிலிருந்து தப்பான டேட்டா அனுப்பினால் 422 (டேட்டா சரியில்லை) வராமல் முகப்புப் பக்கத்தின் ஹெச்டிஎம்எல் வருகிறது.

பதில்: அக்செப்ட் ஹெடரில் (பதில் எந்த வடிவில் வேண்டும் என்று ரிக்வெஸ்ட்டோடு போகும் குறிப்பில்) ஜேசன் என்ற டேட்டா வடிவம் வேண்டும் என்று ஆப் சொல்லவில்லை. பிரவுசர் என்று நினைத்து லாராவெல் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஹெடரைச் சேர்த்தால் எந்த ஃபீல்டில் என்ன பிழை என்று 422-ஓடு வரும்.