குடும்பத்தோடு கப்பலில் போகிறோம், ஜன்னல் இல்லாத உள் கேபின் போதுமா?

கேள்வி கேட்டவர் கீழே எழுதியிருப்பது: எட்டுப் பேர், அதில் ஒரு பாட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். “தூங்கத்தானே அறை, உள் கேபினே போதும் என்கிறார்கள், சரியா? வாந்தி மயக்கம் வருமா?”

தூங்கத்தானே அறை. எங்கள் வீட்டிலும் இதே வார்த்தையைச் சொன்னார்கள். சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் வீட்டில் பணம் வசூலிப்பது, பாஸ்போர்ட் நகல் சேர்ப்பது, ஏஜண்டுக்குப் போன் அடிப்பது எல்லாம் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். மற்ற ஏழு பேரும் புலனம் (வாட்ஸ்அப்) குழுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஏதாவது கோணலாகப் போனால் அவர்களுக்கு வாய் வரும். எனக்குத் தெரியும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரி. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர். 2023 பள்ளி விடுமுறையில் பதினொரு பேர் கிளம்பினோம். அம்மா, நானும் என் வீட்டுக்காரரும், தம்பி குடும்பம் நாலு பேர், தங்கை குடும்பம் நாலு பேர். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணம். கப்பல் பெயரையும் ஏஜண்டு பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் “உங்களுக்குப் படிக்கத் தெரியாதா, ஒப்பந்தத்தில் சிறு எழுத்தில் இருந்ததே” என்று யாராவது வருவார்கள். இருந்தது உண்மைதான். நான் படிக்கவில்லை.

நாலு கேபின் எடுத்தோம். தம்பிக்கு ஜன்னல் கேபின். அதில் கீழே ஒரு கட்டில், மேலே கூரையிலிருந்து இறக்கும் இரண்டு படுக்கை. தங்கைக்குப் பால்கனி, அவர்கள் கூடுதலாகக் கட்டினார்கள், நான் குறை சொல்லவில்லை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் உள் கேபின். அம்மாவையும் தங்கையின் பதினாறு வயது மகளையும் இன்னொரு உள் கேபினில் போட்டோம். “பேத்தி கூட இருக்கிறாளே, என்ன பயம்?” என்று எல்லாரும் சொன்னார்கள். “ரெண்டும் பக்கத்து பக்கத்து ரூம்தான் அக்கா” என்று ஏஜண்டு சொன்னான்.

இந்தப் பக்கத்து ரூம் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒட்டி இருக்கும் அறை வேறு, உள்ளேயே கதவு வைத்து இணைத்த அறை வேறு. முன்னதில் ஒருவரைப் பார்க்க நடைபாதைக்கு வந்துதான் போகவேண்டும். பின்னதில் நடுக்கதவைத் திறந்தால் போதும், பிள்ளைகளோ வயசானவர்களோ இருக்கும் குடும்பத்துக்கு அதுதான் தங்கம். கப்பலின் தள வரைபடத்தில் அப்படிப்பட்ட அறைகளுக்கு நடுவே சின்னக் குறி போட்டிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டும் இல்லை. விலை குறையும் என்று ஏஜண்டு போட்டுக் கொடுத்தது, அறை எண்ணைக் கப்பல் கம்பெனியே பிறகு ஒதுக்கும் வகை. உள் கேபின் ஒன்று கிடைப்பது உறுதி, எங்கே என்பது அவர்கள் இஷ்டம். கையில் அட்டை வந்தபோது நாங்கள் முன்பக்கம், அம்மா அதே தளத்தில் பின்பக்கம். நடுவில் எங்கள் பழைய தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, மூன்று முறை நீட்டி வைத்தாற்போல ஒரு நடைபாதை.

முதல் இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எழுபத்தேழு வயது. ஆயுள் முழுக்கக் காலை நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)ப் போனவர். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் உடம்பு நாலு மணிக்கு விழித்துவிடும். அன்றும் விழித்திருக்கிறார். உள் கேபினில் விளக்கை அணைத்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? கையை முகத்துக்கு நேரே ஆட்டினால்கூடத் தெரியாது. மணி நாலா, பன்னிரண்டா, விடிந்து பத்து மணி ஆகிவிட்டதா, எதுவும் தெரியாது.

இந்த இடத்தில் ஒருவர் கேட்பார்: தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்களே, இருட்டு உங்கள் அம்மாவுக்குப் புதுசா? என் தம்பியே கேட்டான். தோட்டத்து இருட்டில் பலகை இடுக்கு வழியாக நிலா வரும். கோழி கூவும். பக்கத்து வீட்டில் யாராவது இருமுவார்கள். அந்த இருட்டில் வழி இருக்கும். கேபினில் ஏசி உறுமுவதைத் தவிர ஒன்றும் இல்லை.

பாத்ரூம் போகத் தடவித் தடவிக் கதவைத் திறந்தவர், திறந்தது நடைபாதைக் கதவு. வெளிச்சத்தைப் பார்த்து ஓரடி வெளியே வைத்திருக்கிறார். கேபின் கதவுகள் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும். திறக்கும் அட்டை உள்ளே, விளக்கு எரிவதற்காகச் சுவரில் செருகும் இடத்தில் இருக்கிறது. தட்டியிருக்கிறார். என் தங்கை மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு மரக்கட்டை மாதிரி தூங்குகிறாள். அப்புறம் எங்கள் அறையைத் தேடலாம் என்று நடந்திருக்கிறார். எல்லாக் கதவும் ஒரே நிறம், ஒரே அளவு. “லயத்துலயாவது வாசல்ல கோலத்தப் பாத்து யார் வீடுன்னு சொல்லலாம்” என்றார் பிறகு. நாலைந்து திருப்பம் நடந்ததும் தன் கதவு எது என்பதும் போய்விட்டது.

மின்தூக்கிப் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பிலிப்பீன்ஸ் பையன் ஒருவன் பார்த்திருக்கிறான். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, தமிழும் மலாயும்தான். “பிந்து, பிந்து” என்று கையைக் காட்டியிருக்கிறார். அவர்கள் மொழியிலும் கதவுக்குப் பிந்தோ என்றுதான் பெயராம். பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளை, தோளில் போட்டிருந்த துண்டை விரித்து உட்காரவைத்து, கீழே வரவேற்பு மேசைக்குக் கூட்டிப் போயிருக்கிறான்.

அங்கே குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இதை மட்டும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? நம் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ‘ஏ/பி’ இருக்கும், ஆணாக இருந்தால் ‘ஏ/எல்’. இன்னார் மகள், இன்னார் மகன் என்று மலாயில் சொல்வதன் சுருக்கம். பயணச்சீட்டுப் போடும் கணினி அந்தச் சாய்வுக்கோட்டை விழுங்கிவிட்டு இரண்டு எழுத்தையும் பெயரோடு ஒட்டிவிடும். நான் அப்பா பெயரில் இருக்கிறேன், அம்மா தாத்தா பெயரில், தங்கை மகள் அவள் அப்பா பெயரில். பதினொரு பேரில் எத்தனை கடைசிப் பெயர் என்று எண்ணிப் பாருங்கள். போதாததற்கு, அந்தக் காலத்தில் பதிவு செய்த கிராணிமார் காதில் விழுந்ததை எழுதினார்கள். என் தம்பிக்கும் எனக்கும் ஒரே அப்பா, ஆனால் அப்பா பெயருக்கு எழுத்து வேறு வேறு. பிள்ளைகள் பள்ளியில் சேரும்போது இந்த வேதனையை நான் முப்பது வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள். ஒவ்வொரு படிவமும் நம்மைப் பார்த்து “நீங்கள் ஒரே குடும்பமா?” என்றுதான் கேட்கிறது. இதை யார் சரி செய்யப் போகிறார்கள்?

சரி. கடைசியில் என் பெயரைச் சொல்லி, படத்தைப் பார்த்து, எனக்குப் போன் வந்தது நாலரைக்கு. ஓடிப்போனபோது அம்மா மைலோ குடித்துக்கொண்டிருந்தார். அழவில்லை. “விடிஞ்சிருச்சா இல்லியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: உள் கேபின் போதும், உங்களுக்கு. பாட்டிக்குப் போதாது. உள் கேபினை நான் திட்டவில்லை, என் வீட்டுக்காரர் அதில் தூங்கியதுபோல் வீட்டில்கூடத் தூங்கியதில்லை. ஆனால் விலைப் பட்டியலை எடுப்பதற்கு முன், ராத்திரியில் யார் எழுந்திருப்பார், அவரோடு யார் படுப்பார் என்பதை முடிவு செய்யுங்கள். படுப்பவர் சத்தம் கேட்டால் விழிக்கிற ஆளாக இருக்கவேண்டும், செல்லப் பேத்தியாக இருந்தால் போதாது. அம்மாவின் கேபினை ஜன்னல் கேபினாக மாற்ற எங்களுக்கு மொத்தமே 400 வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்தான் கூடியிருக்கும். அதை மிச்சம் பிடித்ததற்காக நான் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

“காசு இருக்கிறவள் பேசுகிறாள்” என்று வேண்டாம். ஓய்வூதியத்தில் இரண்டு வருஷம் சேர்த்துப் போன பயணம் அது. காசு இல்லை, உள் கேபின்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டு வேலை செய்யுங்கள். பாட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்றைப் பாத்ரூம் கதவோரம் வையுங்கள். அப்புறம், பல கப்பல்களில் தொலைக்காட்சியின் ஒரு சேனலில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். சத்தத்தை அணைத்து அதைப் போட்டுவிட்டால் ராத்திரி கறுப்பாக இருக்கும், விடிந்தால் திரையும் விடியும். இது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

வாந்தி மயக்கம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கப்பல் ஏறி இறங்கும் சீசா பலகை மாதிரி, நடுவில் ஆட்டம் குறைவு, இரண்டு நுனியிலும் அதிகம். உயரப் போனாலும் அதிகம். நடுவே, கீழ்த்தளமாக எடுங்கள், கீழ்த்தளம் பெரும்பாலும் விலையும் குறைவு. மலாக்கா நீரிணையில் சுமத்ரா காற்றை மறைத்துக்கொள்வதால் பெரும்பாலும் குளத்தில் போவதுபோல்தான் இருக்கும். தென்சீனக் கடல் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை போவதென்றால் பாட்டியை யோசித்துப் போங்கள்.

சத்தம் அதைவிட முக்கியம். வரைபடத்தில் உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் கேபின்களாகவே இருந்தால் நல்லது. தம்பி அறைக்கு மேலே நீச்சல்குளத் தளம், விடிகாலை ஐந்தரைக்கு நாற்காலிகளை இழுத்து அடுக்கினார்கள். ஜன்னல் கேபின் என்று காசு வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகைத் தொங்கவிட்டிருப்பதும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே கேபினில் நாலு பேர் தங்கும் அறைகள் கொஞ்சம்தான் இருக்கும், பள்ளி விடுமுறைக்கு முதலில் தீர்வதும் அவைதான். எல்லாருக்கும் தனித்தனி முன்பதிவு எண் விழுந்தால், எண்களை ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் இரவுச் சாப்பாட்டில் பாட்டி ஒரு மேசை, பேரன் ஒரு மேசை.

அடையாளத்துக்குப் பிள்ளைகள் அறைக்கதவில் காந்தம் ஒட்டுகிறார்கள் என்று தங்கை முதலில் சிரித்தாள். கதவு இரும்பு, குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தம் அப்படியே ஒட்டும். இரண்டாம் நாள் காலை தம்பி மகன் காகிதத்தில் மாவிலைத் தோரணம் வெட்டி அம்மாவின் கதவில் ஒட்டினான்.

அன்றைக்கே தங்கை வீட்டுக்காரர் “அத்தை பால்கனி ரூமுக்கு வரட்டும்” என்று சொன்னார். நல்ல மனுஷன், நான் முன்பு அவரைப் பற்றிச் சொன்ன சில வார்த்தைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரும் மகனும் உள் கேபினுக்குப் போனார்கள், அம்மா தங்கையோடும் பேத்தியோடும் படுத்தார். தோரணமும் இடம் மாறியது. அறை மாற்றினால் உங்களுக்குள்ளேயே மாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள், வரவேற்பில் சொல்லி அட்டையையும் மாற்றவேண்டும். ஆபத்து என்றால் யார் எந்த இடத்தில் கூடவேண்டும் என்பது அறையை வைத்துத்தான் குறித்திருப்பார்கள்.

மறுநாள் காலை பினாங்கை நெருங்கும்போது அம்மா பால்கனியில் நின்றார். 1951இல் ஐந்து வயதில் பாட்டியோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி அங்கேதான் வந்து இறங்கியவர். கேபின் எல்லாம் வெள்ளைக்காரனுக்கும் காசு உள்ளவனுக்கும். இவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்து, ஏறத்தாழ ஒரு வாரம். நான் கண்ணில் தண்ணீரோடு “ஞாபகம் வருதாம்மா?” என்று கேட்டேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், கைப்பேசியில் படம் பிடிக்கவும் தயாராக இருந்தேன்.

“அப்ப வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் பாக்கல” என்றார். பிறகு பால்கனிக் கம்பியைத் தடவிப் பார்த்தார். வெயில் நன்றாக விழுந்தது. உள்ளே போய்த் துவைத்து வைத்திருந்த கைலியையும் ரவிக்கையையும் எடுத்து வந்து கம்பியில் காயப்போட்டார். கப்பலில் அப்படித் துணி தொங்கவிடக் கூடாது, காற்றில் பறந்து வேறெங்காவது மாட்டும். பணியாள் இரண்டு முறை வந்து எடுக்கச் சொன்னான். மூன்றாம் முறை வந்தபோது கம்பியில் ஒன்றும் இல்லை. நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டு அதன் பின்னால் விரித்துவைத்து, மேலே என் துண்டையும் போட்டு மறைத்து, பக்கத்தில் காவலுக்கு அம்மா உட்கார்ந்திருந்தார்.