அயோவா இன்டர்ஸ்டேட் ரயில்பாதை எங்கே ஓடுகிறது, எப்படி நிலைக்கிறது?

பெரும் ரயில் நிறுவனங்கள் கோலோச்சும் அமெரிக்காவில் அயோவா இன்டர்ஸ்டேட் போன்ற வட்டாரச் சரக்கு ரயில் நிறுவனம் எந்தத் தடங்களில் ஓடுகிறது, எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

1975இல் திவாலான ராக் ஐலண்ட் ரயில் நிறுவனம் 1980இல் ஓட்டத்தை அடியோடு நிறுத்தியபோது, அதன் பழைய முதன்மைத் தடத்தையே நம்பியிருந்த அயோவா மாநிலத்தின் ஊர்களும் ஆலைகளும் தவித்தன. அத்தடத்தை மீட்டு ஓட்டவே 1984இல் அயோவா இன்டர்ஸ்டேட் உருவானது.

மேற்கே மிசௌரி ஆற்றை ஒட்டிய கவுன்சில் பிளஃப்ஸில் தொடங்கும் தடம், டி மோயின், அயோவா சிட்டி, டேவன்போர்ட் ஆகிய ஊர்களைக் கடந்து, மிசிசிப்பியைத் தாண்டி, இலினாய் மாநிலத்தின் பியூரோ, ஜோலியட் வழியாகச் சிகாகோவை அடுத்த புளூ ஐலண்டை அடைகிறது. பியூரோவிலிருந்து பியோரியாவுக்கு ஒரு கிளை பிரிகிறது. சிகாகோவை நெருங்கும் பகுதியில் பாதை பிறருடையது. அங்கே ஓட்டும் உரிமை மட்டுமே இதற்கு உண்டு.

மிசிசிப்பியைக் கடக்கும் 1896ஆம் ஆண்டின் ஈரடுக்குப் பாலத்தில் மேலே ரயிலும் கீழே சாலையும் செல்கின்றன. கப்பல்களுக்கு வழிவிட அதன் ஒரு பகுதி சுழன்று திறக்கும். அந்த ஆற்றின்மேல் முதல் ரயில் பாலம் 1856இல் எழுந்ததும் இதே வட்டாரத்தில்தான்.

மக்காச்சோளமும் அதிலிருந்து வடிக்கப்படும் எத்தனாலும் இதன் முக்கியச் சரக்குகள். என் கணிப்பில், இதன் உண்மையான வலிமை இரு முனைகளிலும் இருக்கிறது: கவுன்சில் பிளஃப்ஸிலும் சிகாகோ வட்டாரத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய ரயில் நிறுவனங்களுடன் சரக்குப் பெட்டிகளைக் கைமாற்றிக்கொள்ள முடிவதால், ஒரே நிறுவனத்தின் தயவில் நிற்கும் குறுந்தட ரயில் நிறுவனங்களுக்குக் கிட்டாத பேரம்பேசும் இடம் இதற்குக் கிட்டுகிறது.