21 நாள் கணக்கை மறந்துவிடலாம்: தினசரிப் பழக்கங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

எந்தப் பழக்கத்தையும் 21 நாள் விடாமல் செய்தால் படிந்துவிடும் என்கிறார்கள். அதிகாலையில் எழுந்து நடக்கத் தொடங்கி ஒரு மாதம் தாண்டிவிட்டது. இன்னும் தினமும் என்னை நானே இழுத்துக்கொண்டுதான் போகிறேன். என்னிடம் ஏதும் குறையா?

குறை உங்களிடம் இல்லை, அந்தக் கணக்கில்தான். முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதினார். அதை எடுத்து எல்லாப் பழக்கத்துக்கும் ஒட்டிவிட்டார்கள். கண்ணாடியில் முகம் பார்த்துப் பழகுவதற்கும் விடியற்காலையில் போர்வையை உதறுவதற்கும் என்ன சம்பந்தம்?

உண்மையிலேயே அளந்து பார்த்தவர்கள் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 96 பேர் ஆளுக்கொரு பழக்கத்தைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் செய்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்று அந்தப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டபோது, 18 நாளிலிருந்து 254 நாள் வரை வந்தது. நடுவில் நிற்பவருக்கு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு மாதத்தில் உங்களுக்குச் சலிப்பு வருவதில் வியப்பே இல்லை.

இன்னொன்று. அதிகாலையில் எழுவது ஒரு பழக்கம், நடப்பது வேறொரு பழக்கம். இரண்டையும் சேர்த்துக் கட்டியதால்தான் இவ்வளவு கனக்கிறது என்று நினைக்கிறேன். எழும் நேரத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலைக்கு அடுத்ததாக நடையை வையுங்கள். ‘வேலை முடிந்து பையை வைத்ததும் நடக்கப் போவேன்’ என்று நேரமும் இடமும் சேர்த்து முடிவு செய்தவர்கள், ‘இனி நடக்க வேண்டும்’ என்று பொதுவாக நினைத்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் தொடங்கிவைத்த ஆய்வுகளில் இது பலமுறை தெரியவந்திருக்கிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் போதும், அப்புறம் மொத்தமும் போய்விடுகிறது. என்ன செய்வது?

மேலே சொன்ன ஆய்விலேயே பதில் இருக்கிறது: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது கெட்டுப்போகவில்லை. ‘போச்சு, இனி எதற்கு’ என்று மறுநாளும் சும்மா இருப்பதுதான் கெடுக்கிறது. முடியாத நாளுக்கென்று ஒரு சின்ன அளவு வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாலும் சரிதான். விடாமல் செய்த நாள்களை எண்ணிக் காட்டும் செயலி ஏதாவது வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். எண்ணிக்கை அறுந்ததும் மனசு விட்டுப்போகும் ஆளுக்கு அது உதவாது.

தியானம், உடற்பயிற்சி, டைரி, புத்தகம், சீக்கிரத் தூக்கம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எதில் தொடங்கலாம்?

தூக்கத்தில். பட்டியலில் மற்றதையெல்லாம் அடித்துவிடுங்கள். தூக்கம் கெட்டவர் மறுநாள் எரிச்சலோடு இருப்பார், அந்த நிலையில் எந்த நல்ல பழக்கமும் நிற்காது. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும்.

படுக்கும் நேரத்தைப் பிடித்து நிறுத்துவது கடினம், எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்து கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்பின் உள்கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. அப்புறம் காபி: உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே பலருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்தால், இரவு 10 மணிக்கும் பாதி உடம்பில்தான் இருக்கும்.

தினமும் நன்றிக்குரிய மூன்று விஷயங்களை எழுதுகிறேன். இப்போது வீட்டுப்பாடம் போல ஆகிவிட்டது.

அப்படியானால் வாரம் ஒருமுறை எழுதுங்கள். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில் வாரம் ஒருமுறைதான் எழுதவைத்தார்கள், அதிலேயே பலன் தெரிந்தது. ‘குடும்பம், உடல்நலம்’ என்று பொதுவாக எழுதாமல், யார் என்ன செய்தார் என்று எழுதுங்கள். அதை அந்த ஆளிடமே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

எல்லாம் ஒழுங்காகச் செய்கிறேன், தூக்கமும் சரி. ஆனாலும் சில வாரங்களாக எதிலும் ஈடுபாடில்லை.

இந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் விடை தேடாதீர்கள். பெரும்பாலான நாள்கள் மனம் சோர்ந்து, பிடித்ததிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை போன்றவையும் இப்படிக் காட்டலாம், அவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எப்போது தொடங்கியது, பசி எப்படி, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துப்போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம். நெருங்கிய ஒருவரிடம் இன்றே சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.