நகைய வெக்காதீங்க அக்கா: பி.காம் பொண்ணும் அப்ரூவல் ஒர்க்ஃப்ளோ வேலையும்

அக்கா, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பி.காம் கடைசி செமஸ்டர் படிக்கிற பொண்ணு பேங்க் எக்ஸாமுக்கு படிக்காம ஏதோ பவர் ஆட்டோமேட்டு, அப்ரூவல் ஃப்ளோன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் லேப்டாப்போடயே இருக்கா, மாரத்தஹள்ளில ஒரு இன்ஸ்டிட்யூட்ல 75,000 கேக்குறாங்க, நூறு பர்சன்ட் பிளேஸ்மென்ட்னு சொல்றாங்க, வளையல வெச்சு கட்டிடவான்னு கேட்டீங்க. முதல்ல அதுக்கு பதில் சொல்லிடறேன், நகைய வெக்காதீங்க. அதுக்காக அவ படிக்கிறது வேஸ்ட்னும் நெனச்சுக்காதீங்க, பொண்ணு சரியான எடத்துல தான் கை வெச்சிருக்கா.

இது என்ன வேலைன்னா, ஒரு ஆபீஸ்ல பில் வந்தா பர்சேஸ்காரர் பாக்கணும், அவரோட மேனேஜர் ஓகே சொல்லணும், தொகை பெருசா இருந்தா ஃபைனான்ஸ் ஹெட் வரைக்கும் போகணும். முன்னாடி ஃபைலா டேபிள் டேபிளா போச்சு, அப்புறம் மெயில்ல போச்சு. இப்ப ஷேர்பாயிண்ட்ல, அதாவது ஆபீஸ் ஃபைலும் லிஸ்ட்டும் வெக்கிற மைக்ரோசாஃப்ட் தளத்துல, ஒரு லிஸ்ட்ல ஏத்திட்டா போதும், மேனேஜரோட டீம்ஸ் சாட்லயே அப்ரூவ், ரிஜெக்ட்னு ரெண்டு பட்டனோட வந்து நிக்கும், இதையெல்லாம் கோத்து விடுறது மைக்ரோசாஃப்ட்டோட பவர் ஆட்டோமேட், அப்படி கோத்த ஒவ்வொரு வரிசைக்கும் பேரு ஃப்ளோ. 2016ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளோங்குற பேர்ல வந்தது, 2019ல இந்த பேர மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி ஷேர்பாயிண்ட்டுக்குள்ளயே பழைய ஒர்க்ஃப்ளோ இருந்துச்சு, கிளவுட்ல அதுல 2010 வகைய 2020லயே நிறுத்திட்டாங்க, 2013 வகைக்கு 2026 ஏப்ரல் 2னு கடைசி தேதி அறிவிச்சாங்க, அதனால பழச நம்பியிருந்த கம்பெனிங்க எல்லாத்தையும் புதுசுல கட்ட வேண்டியதாச்சு, அந்த மாதிரி வேல நம்ம பெங்களூர்ல வைட்ஃபீல்ட்லேந்து எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் இருக்கு.

ஆனா ஒண்ண கவனிக்கணும். லீவ் அப்ளை பண்ணா மேனேஜருக்கு மெயில் போற சின்ன ஃப்ளோ இருக்கே, அத இப்ப கோபைலட்னு மைக்ரோசாஃப்ட்டோட ஏஐகிட்ட ரெண்டு வரில சொன்னா அதுவே போட்டு குடுக்குது. அத மட்டும் தெரிஞ்சவங்களுக்கு யாரும் சம்பளம் தரமாட்டாங்க, இன்ஸ்டிட்யூட்ல பெரும்பாலும் சொல்லித் தர்றதும் அது தான்.

போன மாசம் அவ அல்சூர்ல என் வீட்டுக்கு லேப்டாப்போட வந்தா இல்ல, அன்னிக்கு நடந்தத சொல்றேன். பர்சேஸ் அப்ரூவல் ஒண்ணு பண்ணியிருந்தா, பாக்க நல்லா இருந்துச்சு. நான் ஒண்ணே ஒண்ணு தான் கேட்டேன், "மேனேஜர் பிரசவ லீவ்ல போயிட்டா இந்த பில் என்னம்மா ஆகும்?" அவ "வெயிட் பண்ணும் ஆண்ட்டி"ன்னா. எத்தன நாள்? தெரியல. பவர் ஆட்டோமேட்ல ஒரு ஃப்ளோ ஓட ஆரம்பிச்சா 30 நாள் தான் உயிரோட இருக்கும், அதுக்குள்ள பதில் வரலன்னா அப்படியே டைம் அவுட் ஆகி நின்னுடும். அதனால பெரிய அப்ரூவலுக்கு ஃப்ளோவ காத்திருக்க விடக்கூடாது, லிஸ்ட்லயே ஸ்டேட்டஸ்னு ஒரு கட்டம் வெச்சு, பில் இப்ப யார்கிட்ட நிக்குது, எந்த தேதிலேந்து நிக்குதுன்னு எழுதி வெச்சிடணும், தினம் காலைல ஓடுற வேற ஒரு ஃப்ளோ அதப் பாத்து மூணு நாள் ஆனா ஞாபகப்படுத்தும், ஏழு நாள் ஆனா மேல இருக்குறவருக்கு அனுப்பும்.

அடுத்த வாரமே அத பண்ணிட்டு வந்தா அக்கா. வந்து டெஸ்ட் ஓட்டினா, நான் உள்ள போய் காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவ மெயில் பாக்ஸ்ல 40 மெயில் ஒரே மாதிரி வந்து கெடக்கு, பொண்ணு முகம் சுண்டிப் போச்சு. லிஸ்ட்ல ஏதாவது மாறினா ஃப்ளோ ஓடணும்னு வெச்சிருக்கா, அந்த ஃப்ளோவே ஸ்டேட்டஸ மாத்துது, மாத்தினதும் மறுபடி அதுவே ஓடுது. ஃப்ளோ எப்ப ஓட ஆரம்பிக்கணும்னு கட்டுப்படுத்துற ட்ரிகர் கண்டிஷன் போட்டு ஸ்டேட்டஸ் புதுசுன்னு இருந்தா மட்டும் ஓடுன்னு சொன்னா சரியாயிடும், ஃப்ளோ ஓடின பதிவ, அதான் ரன் ஹிஸ்டரிய, ஒவ்வொண்ணா தொறந்து அத அவளே கண்டுபுடிச்சா, நான் சொல்லித் தரல. ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்திருக்கான்னு திட்டுனீங்களே, அந்த நேரத்துல நடக்குறது இது தான்.

இப்ப பி.காமுக்கு வர்றேன், ஏன்னா நீங்க அது வீணாப் போச்சுன்னு அழுதீங்க. 50,000க்கு மேல போனா ஃபைனான்ஸ் ஹெட் பாக்கணும்னு ரூல் இருக்கு, ஒருத்தர் ஒரே சப்ளையருக்கு 49,000, 49,000ன்னு ரெண்டு பில்லா ஒடச்சு போடுறாரு, ஃப்ளோ ரெண்டையும் மேனேஜரோட முடிச்சு அனுப்பிடும். இஞ்சினியரிங் முடிச்ச பசங்க ஃப்ளோவ வேகமா கட்டிடுவாங்க, ஆனா இத முதல்ல யோசிக்கிறது ஆடிட்டிங் படிச்ச புள்ள தான். பில் போட்டவரே அப்ரூவ் பண்ணக்கூடாது, அதாவது மேக்கர் செக்கர், அது அவளுக்கு பாடத்துலயே வந்தாச்சு. எல்லாரும் ஓகே சொல்லணுமா, யாராவது ஒருத்தர் சொன்னா போதுமான்னு பவர் ஆட்டோமேட்ல ரெண்டும் இருக்கு, எதுக்கு எத வெக்கணும்ங்குறது சாஃப்ட்வேர்காரங்க முடிவு பண்ற விஷயம் இல்ல.

நான் கவுன்சலிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கம்பெனில பர்சேஸ்ல இருந்தேன். பீன்யாலேந்து ஒரு சின்ன பட்டறைக்காரர், சேலத்துக்காரர், பில் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, யாரோ ஒருத்தர் மெயில்ல சிக்கிக் கெடக்கு, அவர் ரிசப்ஷன்ல வந்து உக்காந்து "பசங்களுக்கு சம்பளம் போடணும்மா"ன்னு கேட்டது எனக்கு இன்னும் மனசுல இருக்கு, என்னால யார்கிட்ட நிக்குதுன்னு கூட அவருக்கு சொல்ல முடியல. சின்ன யூனிட்டுக்கு பணம் குடுக்க எழுதி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல போகக்கூடாது, ஒப்பந்தம் இல்லன்னா 15 நாள்னு 2006லயே சட்டம் இருக்கு. 2023-24லேந்து வருமான வரி சட்டத்துல 43பி(எச்)ங்குற பிரிவு வந்த அப்புறம், அந்த கெடு தாண்டினா பணம் குடுக்குற வருஷத்துல தான் அத செலவா காட்ட முடியும், அதனால இப்ப ஃபைனான்ஸ்காரங்களுக்கே பில் எங்க நிக்குதுன்னு தெரியணும். இன்டர்வியூல அவ "என் ஃப்ளோ 45 நாள் கெடு நெருங்குற பில்ல தனியா காட்டும்"னு ஒரு வார்த்த சொல்லட்டும், எதிர்ல உக்காந்திருக்கவங்க நிமிந்து உக்காருவாங்க.

செலவுக்கு வர்றேன். மைக்ரோசாஃப்ட் லேர்ன் வெப்சைட்ல பாடம் ஃப்ரீ, கட்டிப் பழக பவர் ஆப்ஸ் டெவலப்பர் பிளான்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஃப்ரீ, அதுக்கு ஆபீஸ் இல்லன்னா காலேஜ் மெயில் ஐடி வேணும், ஜிமெயில் எடுக்காது, அதனால காலேஜ் ஐடி இருக்கும்போதே ரெஜிஸ்டர் பண்ணிக்க சொல்லுங்க. பிஎல் 900ன்னு மைக்ரோசாஃப்ட்டோட அடிப்படை பரீட்சை ஒண்ணு இருக்கு, எழுதலாம், ரெஸ்யூம்ல ஒரு வரி வரும், அவ்ளோ தான். இதே மாதிரி வேலைக்கு ஜோஹோ கம்பெனியோட ஜோஹோ கிரியேட்டரும் கொஞ்சம் தொட்டுப் பாக்கட்டும், சின்ன கம்பெனிங்க நெறய அதுல இருக்காங்க. பிளேஸ்மென்ட் கேரன்டின்னு சொல்றவங்ககிட்ட எழுதி குடுங்கன்னு கேளுங்க, பேச்சு மாறும்.

வேலைக்கு நேரா டெவலப்பர்னு தேடினா எக்ஸ்பீரியன்ஸ் கேப்பாங்க. ஜிசிசிங்கள்ல, அதாவது வெளிநாட்டு கம்பெனிங்க இங்க வெச்சிருக்க சொந்த ஆபீஸ்கள்ல, சப்ளையர் பில்லுக்கு பணம் குடுக்குற அக்கவுண்ட்ஸ் பேயபிள் பிரிவுல ஃப்ரெஷருக்கு எடம் வருது, அதுல உள்ள போய் ஆறு மாசம் பில் எப்படி நகருதுன்னு பாத்துட்டு, தன் டீமுக்கே ஒரு ஃப்ளோ கட்டிக் குடுத்தா வழி தன்னால தொறக்கும், என்கிட்ட வந்த ரெண்டு பசங்க அப்படித்தான் பிசினஸ் அனலிஸ்ட் ஆனாங்க. அப்ப ஒரு விஷயம் மறக்கக்கூடாதுன்னு சொல்லுங்க, ஃப்ளோவ தன் சொந்த லாகின்ல கட்டிட்டு வேலைய விட்டுப் போனா அந்த அக்கவுண்ட் மூடின அப்புறம் ஃப்ளோ நின்னுடும், யாரோட பேர்லயும் இல்லாத கம்பெனியோட பொது சர்வீஸ் அக்கவுண்ட் கேட்டு வாங்கி அதுல கட்டணும்.

இப்ப வீட்லயே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. அண்ணன் வேல பாக்குற டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல டீசல் வவுச்சர் எப்படி சைன் ஆகுது, யார் இல்லன்னா யார் போடுறாங்க, ராத்திரி ஓசூர் செக்போஸ்ட்ல வண்டி நின்னா யாருக்கு போன் போகுதுன்னு அவர்கிட்ட கேட்டு ஒரு பெரிய பேப்பர்ல வரஞ்சுக்க சொல்லுங்க. ஞாயித்துக்கெழம 11 மணிக்கு மேல மூணு பேரும் வாங்க, அந்த பேப்பர் மட்டும் போதும், லேப்டாப் வேணாம்.